எட்டுக் கோர்களும் ஒரு பூட்டும்

குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ ஜிஎஸ்டி சாலையோரம் உள்ள எந்தக் கடையில் கேட்டாலும் கைபேசியின் பெருமை 'ஆக்டா கோர்', அதாவது செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் எட்டுப் பகுதிகள், என்பதில்தான் தொடங்கும். மடிக்கணினி என்றால் 'எட்டு கோர், பறக்கும்' என்பார்கள். ஒன்று வேலை செய்த இடத்தில் எட்டு வேலை செய்தால் எட்டு மடங்கு வேகம் என்று வாங்குபவர் மனக்கணக்கு போடுகிறார். வீட்டுக்கு வந்து பழைய வேலையையே செய்து பார்க்கிறார். வேகம் கொஞ்சம் கூடியிருக்கிறது, எட்டு மடங்கெல்லாம் இல்லை. மீதி எங்கே போனது?

பதின்மூன்று சதவீதம்

பொழிச்சலூரில் ஒரு கல்லூரி மாணவி தன் மடிக்கணினியில் பைதான் நிரல் ஒன்றை ஓடவிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய எழுத்துக் கோப்பு ஒன்றை அது அலசிக்கொண்டிருக்கிறது. கணினியின் விசிறி இரைகிறது, அடிப்பாகம் சுடுகிறது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், அந்த நிரல் பயன்படுத்தும் செயலித்திறன் 12, 13 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதே நிரலை லினக்ஸில் ஓட்டினால் 'டாப்' என்னும் கருவி 100 சதவீதம் என்று காட்டுகிறது.

இரண்டு எண்களும் சரிதான். விண்டோஸ் எட்டுக் கோர்களையும் சேர்த்து நூறாகக் கணக்கிடுகிறது. லினக்ஸ் கருவி ஒரு கோரையே நூறாகக் கொள்கிறது. நூறை எட்டால் வகுத்தால் 12.5. அதாவது ஒரு கோர் மூச்சுத்திணற உழைக்கிறது, மற்ற ஏழும் சும்மா இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். திரையில் தெரியும் எட்டும் உண்மையான எட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல மடிக்கணினிகளில் நான்கு கோர்களே இருக்கும், மாணவியுடையதிலும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைப் பார்ப்பதால் எட்டு என்று கணக்குக் காட்டும். கைபேசியில் வேறு வகை: ஏஆர்எம் நிறுவனம் 2011இல் அறிவித்த ஏற்பாட்டின்படி சில கோர்கள் வலுவானவை, சில மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்கான சிறியவை. விளம்பரத்தில் எல்லாம் ஒரே எட்டுதான்.

வேகம் நின்ற ஆண்டு

2000களின் தொடக்கம் வரை நிரலாளர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. நிரல் மெதுவாக ஓடினால், அடுத்த ஆண்டு வரும் செயலி வேகப்படுத்திவிடும். செயலியின் துடிப்பு வேகம் (கிளாக் ஸ்பீடு) ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனது. பிறகு வெப்பம் குறுக்கே வந்தது. துடிப்பைக் கூட்டக் கூட, சிறு சில்லிலிருந்து வெளியேற்ற முடியாத அளவுக்குச் சூடு. 2004 அக்டோபரில் இன்டெல், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 செயலியைக் கைவிட்டது. அந்த மாதமே ஒரு மாநாட்டு மேடையில் அதன் தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட் மண்டியிட்டு, பாதி விளையாட்டாக மன்னிப்பும் கேட்டார். அடுத்த ஆண்டே மேசைக்கணினிச் சந்தைக்கு இரட்டைக் கோர் செயலிகள் வந்துவிட்டன.

ஒரு கோரை மேலும் வேகமாக்க வழியில்லாததால்தான் கோர்கள் பெருகின. ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு செயலி செய்பவரிடமிருந்து நிரல் எழுதுபவரின் தலைக்கு மாறியது. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

குறுக்கே வெட்டும் ஓடுபாதை

பொழிச்சலூர்க்காரர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. விமான நிலையத்தின் மேற்கு ஓரத்தை ஒட்டிய ஊர் அது. சென்னை விமான நிலையத்துக்கு ஓடுபாதைகள் இரண்டு. முதன்மை ஓடுபாதை மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளம். இரண்டாவதை நீட்டிக்க அடையாற்றின் மேல் பாலமே கட்டினார்கள். இரண்டு இருந்தும் இரட்டிப்பு விமானங்களை இறக்க முடிவதில்லை, ஏனென்றால் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ஒன்றில் விமானம் ஓடும்போது, வெட்டும் இடத்தை அது கடக்கும்வரை மற்றதில் உள்ள விமானம் காத்திருக்க வேண்டும்.

மாணவியின் கணினிக்குள்ளும் இதுதான் நடக்கிறது. ஒரே நிரலுக்குள் இணையாக ஓடக்கூடிய தனித்தனி வேலைப் போக்குகளை நிரலாளர்கள் 'த்ரெட்' என்பார்கள். இங்கே இழை என்று வைத்துக்கொள்வோம். பைதானில் எட்டு இழைகளை உருவாக்கலாம், எட்டுக் கோர்களிலும் அவற்றைப் பரப்பலாம். ஆனால் பைதான் வரிகளைச் செயல்படுத்தும் எந்த இழையும் ஒரு குறிப்பிட்ட பூட்டைக் கையில் வைத்திருந்தாக வேண்டும். அந்தப் பூட்டு மொத்த நிரலுக்கும் ஒன்றே ஒன்று. 'குளோபல் இன்டர்பிரெட்டர் லாக்' என்பது அதன் முழுப்பெயர், நிரலாளர் வாயில் 'கில்'. பெரும்பூட்டு என்று இங்கே அழைப்போம். 2011இல் வந்த பைதான் 3.2 முதல், காத்திருக்கும் இழை 5 மில்லி நொடி பொறுத்துப் பார்க்கும். அதற்குள் பூட்டு கிடைக்காவிட்டால், வைத்திருப்பவரிடம் விடச்சொல்லிக் கேட்கும்.

அதற்கு முந்தைய நிலைமை இன்னும் மோசம். டேவிட் பீஸ்லி என்ற அமெரிக்க நிரலாளர், எண்களைக் கீழ்நோக்கி எண்ணும் எளிய வேலை ஒன்றை இரண்டு இழைகளுக்குப் பிரித்துக் கொடுத்துச் சோதித்தார். இரட்டைக் கோர் கணினியில் அது ஒரே இழையில் செய்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கு நேரம் எடுத்தது. பூட்டுக்காக இரண்டு கோர்களும் அடித்துக்கொண்டதில் போன நேரம் அது. 2010இல் அட்லாண்டாவில் நடந்த பைதான் மாநாட்டில் அவர் இதை விளக்கியபோது, பலருக்கும் அது செய்தியாகவே இருந்தது.

பூட்டை ஏன் போட்டார்கள்?

கீடோ வான் ரோசம், ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்த்தபோது 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பைதானை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் முதல் பதிப்பு வெளியானது. வீட்டுக் கணினியில் இரண்டு கோர் என்பதே நினைத்துப் பார்க்காத காலம் அது.

பைதான் தன் நினைவகத்தைப் பராமரிக்கும் முறை எளிமையானது. ஒவ்வொரு பொருளோடும் ஒரு சிறு எண் ஒட்டியிருக்கும்: 'இதை எத்தனை இடங்களில் பயன்படுத்துகிறார்கள்' என்ற கணக்கு. 'அம்மா' என்ற சொல்லை ஒரு பட்டியலும் ஓர் அகராதியும் வைத்திருந்தால் கணக்கு இரண்டு. பட்டியல் அதை விட்டுவிட்டால் ஒன்று. அகராதியும் விட்டுவிட்டால் பூஜ்யம். அந்தச் சொல் இருந்த இடம் காலியாகிவிடும்.

இப்போது இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் அந்த எண்ணைத் தொடுகின்றன. இரண்டும் '2' என்று படிக்கின்றன. இரண்டும் ஒன்றைக் கூட்டுகின்றன. இரண்டும் '3' என்று எழுதுகின்றன. 4 என்று இருக்க வேண்டிய இடத்தில் 3. பிறகு நான்கு பேரில் மூவர் விலகியதும் கணக்கு பூஜ்யமாகி, நான்காமவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பொருளையே நினைவகத்திலிருந்து அழித்துவிடும். நிரல் அப்போதே விழுந்தாலாவது பரவாயில்லை. சில சமயம் தவறான விடையோடு தொடர்ந்து ஓடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் தனிப்பூட்டு போடலாம்தான். ஆனால் ஒரு சாதாரண நிரல் நொடிக்குக் கோடிக்கணக்கான முறை இந்த எண்களைத் தொடுகிறது; அத்தனை முறையும் பூட்டித் திறந்தால் எல்லாம் மெதுவாகும். எனவே 1992இல் பைதானுக்கு இழைகள் வந்தபோது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பூட்டு போட்டார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று இன்று கேலி செய்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. சி மொழியில் எழுதிய பழைய நூலகங்களை யோசிக்காமல் பைதானோடு இணைக்க முடிந்ததற்கு இந்த ஒற்றைப் பூட்டும் ஒரு காரணம். அந்த நூலகங்கள் இல்லாமல் பைதான் இன்று இருக்கும் இடத்துக்கு வந்திருக்காது.

ஒரு நூல், மூன்று வேலைகள்

தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடிய நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன. எல்லாம் பக்கங்களின் படங்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்தால்தான் தேடவும் திருத்தவும் முடியும். இதற்காக த. சீனிவாசன் பைதானில் எழுதிய 'ஓசிஆர்4விக்கிசோர்ஸ்' என்ற கட்டற்ற நிரல், பிடிஎஃப் நூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, கூகுள் டிரைவுக்கு அனுப்பி, அங்கிருந்து எழுத்தைப் பெற்று விக்கிமூலத்தில் ஏற்றும்.

நம் மாணவியும் இதுபோன்ற வேலையை எடுத்துக்கொள்கிறார். நூலில் 240 பக்கங்கள். கீழே வரும் நேரக் கணக்குகள் எல்லாம் விளக்கத்துக்காக நாமே எடுத்துக்கொண்டவை.

முதல் வேலை, பக்கத்தை இணையத்துக்கு அனுப்பிப் பதில் பெறுவது. பக்கத்துக்கு 10 நொடி. ஒவ்வொன்றாகச் செய்தால் 40 நிமிடம். ஆனால் அந்த 10 நொடியில் மாணவியின் செயலி செய்வது ஏறக்குறைய ஒன்றுமில்லை. தொலைவில் இருக்கும் கணினி உழைக்கிறது, இது காத்திருக்கிறது. இப்படிக் காத்திருக்கும் இழை பெரும்பூட்டைக் கீழே வைத்துவிடும். நிறுத்தத்தில் பயணிகளுக்காக நிற்கும் விமானம் ஓடுபாதையை அடைப்பதில்லை அல்லவா? எட்டு இழைகள் எட்டுப் பக்கங்களை ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம். 40 நிமிடம் 5 நிமிடமாகிவிடும். இதற்குப் பல கோர்கள்கூடத் தேவையில்லை. ஒரே ஒரு கோர் இருந்தாலும் இதே 5 நிமிடம்தான். பைதானில் இழைகளே பயனற்றவை என்று சொல்பவர்கள் இந்த வகையை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வேலை, முதலாவதற்கு மாற்றாக, இணையம் இல்லாமல் சொந்தக் கணினியிலேயே எழுத்தைப் பிரிப்பது. இதற்கு டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் உண்டு. எச்பி நிறுவனத்தில் 1980களில் பிறந்து, 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, தமிழும் படிக்கும். பக்கத்துக்கு 5 நொடி என்றால் 20 நிமிடம். இங்கே செயலி உண்மையாகவே உழைக்கிறது, ஆனால் உழைப்பது பைதான் அல்ல. பைதான் டெசராக்டைத் தனி நிரலாகக் கிளப்பிவிட்டு, முடியும்வரை காத்திருக்கிறது. ஆக இங்கும் பெரும்பூட்டு தடையில்லை. நான்கு இழைகள் நான்கு டெசராக்டுகளைக் கிளப்பினால் நான்கு கோர்களும் நிரம்பி, 5 நிமிடத்தில் முடிய வேண்டும்.

முடியாது! 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து டெசராக்டே தன் வேலையை நான்கு இழைகளாகப் பிரித்துக்கொள்ளும் பழக்கமுடையது. நான்கு டெசராக்ட், ஒவ்வொன்றிலும் நான்கு இழை, மொத்தம் பதினாறு; இருப்பது நான்கு கோர். பதினாறும் இடத்துக்கு முண்டியடிப்பதில் வேகம் குறையும். டெசராக்டைக் கிளப்புவதற்கு முன் ஒவ்வொன்றும் ஓர் இழையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று ஓர் அமைப்பை மாற்றி வைத்தால் சரியாகிவிடும். கோர்களை எப்படியாவது நிரப்பிவிட வேண்டும் என்று இரண்டு மென்பொருள்கள் தனித்தனியே முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

மூன்றாவது வேலையில்தான் பூட்டு கடிக்கிறது. படத்திலிருந்து வந்த எழுத்தில் பிழைகள் மொய்க்கும். காலும் ரகரமும் இடம் மாறியிருக்கும். 'கோ' என்பது சில இடங்களில் ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு துண்டாக இருக்கும். வேறு இடங்களில் ககரம், இரட்டைக் கொம்பு, கால் என மூன்று துண்டாக இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கணினி இரண்டையும் வெவ்வேறு சொல்லாக எண்ணும். ஒவ்வொரு சொல்லையும் சீராக்கி, அகராதியில் தேடி, இல்லையென்றால் ரகரத்தைக் காலாக மாற்றி மறுபடி தேடும் நிரலை மாணவி முழுக்கப் பைதானிலேயே எழுதியிருக்கிறார். ஒரு நூலுக்கு 30 நொடி. இரண்டாயிரம் நூல்களுக்கு 60,000 நொடி, அதாவது 16 மணி 40 நிமிடம்.

நான்கு இழைகளாகப் பிரித்தாலும் அதே 16 மணி 40 நிமிடம்தான். பூட்டைக் கைமாற்றும் செலவில் இன்னும் கொஞ்சம் கூடலாம்.

நான்கு பைதான்கள்

ஒரு பைதானுக்கு ஒரு பூட்டு என்றால், நான்கு பைதான்களைக் கிளப்பினால் நான்கு பூட்டு. 2008 அக்டோபரில் வந்த பைதான் 2.6 இந்தக் குறுக்குவழியை மொழியோடு சேர்த்தே கொடுத்தது. 'மல்டிபிராசசிங்' என்று பெயர். ஒவ்வொன்றும் தனி நினைவகத்தோடு இயங்கும் தனி நிரல். 500 நூல் வீதம் நான்குக்கும் பிரித்தால் 16 மணி 40 நிமிடம் 4 மணி 10 நிமிடமாக இறங்குகிறது. டாஸ்க் மேனேஜரில் நான்கு பைதான்கள், ஒவ்வொன்றும் 12 சதவீதத்துக்கு மேல்.

இதற்கு விலை நினைவகம். அகராதி 300 மெகாபைட் என்றால் நான்கு பைதான்களிலும் அது தனித்தனியாக வேண்டும், 1,200 மெகாபைட். லினக்ஸில் இதற்கு ஒரு சலுகை உண்டு: பெற்ற நிரலும் பிள்ளை நிரலும் ஒரே நினைவகப் பக்கங்களைப் பகிரலாம், யாராவது ஒருவர் எழுத முற்படும்போதுதான் அந்தப் பக்கம் நகலாகும். அகராதியைப் படிக்க மட்டும்தானே போகிறோம், நகல் எதற்கு என்று தோன்றும். ஆனால் அந்த ஒட்டுக் கணக்கு இருக்கிறதே! ஒரு சொல்லைப் படிக்கத் தொட்டாலே அதன் கணக்கு ஒன்று கூடுகிறது. கூடுவது என்றால் எழுதுவது. எழுதினால் அந்தப் பக்கம் நகலாகிவிடும். படிக்கப் படிக்கச் சலுகை கரைகிறது.

இன்னொரு விலை, போக்குவரத்து. தனி நினைவகம் என்பதால் ஒரு பைதானிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கட்டி அனுப்பி, அங்கே பிரிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக அனுப்பினால் கட்டுவதற்கும் பிரிப்பதற்குமே நேரம் சரியாகிவிடும், சரிபார்க்கும் வேலை அதன் முன் பொடிசு. ஒரு நூலின் கோப்புப் பெயரை மட்டும் அனுப்பிவிட்டு, படிப்பதையும் திருத்துவதையும் அந்தப் பக்கமே விட்டுவிடுவது உத்தமம்.

விண்டோஸில் மட்டும் வரும் கோளாறு

கல்லூரி ஆய்வகத்தின் லினக்ஸ் கணினியில் அழகாக ஓடிய நிரல் வீட்டு விண்டோஸில் பிழைச் செய்தியாகக் கொட்டுகிறது. எல்லா இயங்குதளத்திலும் ஓடும் மொழி என்றல்லவா பைதானைச் சொன்னார்கள்?

லினக்ஸில் ஒரு நிரல் தன்னையே அப்படியே பிரதி எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. விண்டோஸில் கிடையாது. அங்கே புதுப் பைதானை அடியிலிருந்து கிளப்பி, மாணவியின் கோப்பை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கச் சொல்ல வேண்டும். அந்தக் கோப்பிலேயே 'நான்கு பைதான்களைக் கிளப்பு' என்ற வரி இருக்கிறது. புதிதாகப் பிறந்ததும் தானும் நான்கைக் கிளப்பப் பார்க்கும். இன்றைய பைதான் இதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடுகிறது. தீர்வு ஒரு வரிதான்: இந்தக் கோப்பு நேரடியாக இயக்கப்பட்டால் மட்டும் கிளப்பு என்ற நிபந்தனை. மாதிரி நிரல்கள் எல்லாவற்றிலும் அடியில் அந்த வரி இருக்கும். எதற்கென்று தெரியாமலே பலரும் நகலெடுத்து வைத்திருப்பார்கள்.

2019இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து மேக் கணினிகளும் விண்டோஸ் வழிக்கு மாறின. இழைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது நிரலைப் பிரதி எடுத்தால், பூட்டு ஒன்று மூடிய நிலையிலேயே பிரதியாகி நிரல் உறைந்துபோகும் அல்லது விழும் ஆபத்து உண்டு என்பதே காரணம். 2025இல் வந்த 3.14 பதிப்பில் லினக்ஸும் அந்த நேரடிப் பிரதியை இயல்பு வழியாக வைத்திருப்பதைக் கைவிட்டது.

கலைக்களஞ்சியம் கடைசியில் வந்தால்

மேலே சொன்ன 4 மணி 10 நிமிடம் காகிதக் கணக்கு. இரண்டாயிரம் நூல்களின் பட்டியலைத் தயாரிப்பது, கடைசியில் எல்லா முடிவுகளையும் ஒரே கோப்பில் சேர்ப்பது ஆகியவற்றை நான்கு பேர் பகிர முடியாது. 16 மணி 40 நிமிடத்தில் இதற்கு 40 நிமிடம் என்று கொண்டால், மீதி 16 மணி நேரம்தான் பிரிபடும். நான்கு கோரில் மொத்தம் 4 மணி 40 நிமிடம். பதினாறு கோரில் 1 மணி 40 நிமிடம். ஆயிரம் கோர் வாங்கிப் போட்டாலும் 40 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. ஜீன் ஆம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் 1967இலேயே இதைச் சொல்லிவிட்டார்.

அவர் கணக்கில் வராத ஒரு தொல்லையும் உண்டு. நூல்கள் எல்லாம் ஒரே பருமன் இல்லை. எண்பது பக்கக் கவிதைத் தொகுப்பும் இருக்கும், பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியம் போன்ற தடித்த தொகுதியும் இருக்கும். அப்படியொரு தொகுதி வரிசையில் கடைசியாக அகப்பட்டால், மூன்று கோர்கள் வேலை முடித்து நிற்க, ஒன்று மட்டும் அதோடு மல்லுக்கட்டும். பட்டியலைக் கோப்பின் அளவுப்படி அடுக்கி, பெரியதிலிருந்து தொடங்கினால் கடைசியில் மிஞ்சுவது சிறு நூல்களாக இருக்கும். நான்கும் ஏறத்தாழ ஒன்றாக முடியும். நிரலில் ஒரே ஒரு வரிதான் கூடுதல்.

பூட்டைக் கழற்றிய கதை

பெரும்பூட்டை எடுத்துவிட முயன்றவர்கள் பலர். 1996இல் கிரெக் ஸ்டைன் எடுத்தும் காட்டினார். ஆனால் ஒரே இழையில் ஓடும் சாதாரண நிரல்கள் ஏறக்குறையப் பாதி வேகத்துக்கு இறங்கின. 2007இல் கீடோ வான் ரோசம் நிபந்தனையை வெளிப்படையாகவே வைத்தார்: பூட்டை எடுங்கள், ஆனால் ஒற்றை இழை நிரலின் வேகம் குறையக் கூடாது. 2016 வாக்கில் லாரி ஹேஸ்டிங்ஸ் முயன்றார். அவரும் அதே சுவரில் முட்டினார்.

சுவரில் வழி கண்டவர் மெட்டா நிறுவனத்தின் சாம் கிராஸ். பெரும்பாலான பொருள்களை, அவற்றை உருவாக்கிய இழை மட்டுமே தொடுகிறது என்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உரிமையாளர் இழை. அது தன் கணக்கைப் பூட்டில்லாமல் வேகமாகக் கூட்டிக் கழிக்கும். மற்ற இழைகள் தொட்டால் அது வேறொரு எண்ணில், கவனமாக, மெதுவாகப் பதிவாகும். 2023 அக்டோபரில் பைதான் வழிநடத்தும் குழு இதை ஏற்றது. 2024 அக்டோபரில் வந்த 3.13இல் பூட்டில்லாப் பைதான் சோதனை வடிவில் வெளியானது. ஒரு வருடம் கழித்து 3.14இல் அதிகாரபூர்வ ஆதரவும் கிடைத்தது. ஒற்றை இழை நிரல்களுக்கு வேகக் குறைவு 5 முதல் 10 சதவீதம் அளவுக்கு வந்துவிட்டது.

மாணவியின் நூலுக்கு 30 நொடி 33 ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், நான்கு இழைகள் நான்கு கோர்களில் உண்மையாகவே இணையாக ஓடினால் 4 மணி 35 நிமிடத்தில் காகிதக் கணக்கு முடிந்துவிடும். அகராதி ஒன்றே போதும், நான்கு வேண்டாம். பதிலுக்குப் பழைய கவலை திரும்பி வருகிறது: இரண்டு இழைகள் ஒரே கணக்கேட்டில் ககரத்தின் எண்ணிக்கையைக் கூட்டினால், '2' என்று இருவரும் படிக்கும் அதே விபத்து. தன் சொந்த எண்களுக்கான பூட்டை மாணவியே போட வேண்டும், அல்லது ஒவ்வோர் இழையும் தனிக் கணக்கு வைத்துக் கடைசியில் கூட்ட வேண்டும். இரண்டாவதே மேல். பெரும்பூட்டு இருந்த காலத்திலும் இந்த விபத்து நடக்கக்கூடியதுதான். அரிதாக நடந்ததால் கண்ணில் படவில்லை.



பூட்டில்லாப் பைதான் இன்னும் தனிப் பதிப்பாகத்தான் கிடைக்கிறது. கேட்டு நிறுவ வேண்டும். நிரலின் பெயரோடு 't' என்ற ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கும். நிறுவியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பூட்டில்லாமல் இயங்கத் தயார் என்று அறிவிக்காத பழைய சி நூலகம் ஒன்றை நிரல் உள்ளே இழுத்தால், பைதான் பாதுகாப்புக்காகப் பெரும்பூட்டைத் தானே மறுபடி போட்டுக்கொள்ளும். திரையில் ஓர் எச்சரிக்கை வரி ஓடும், அதோடு சரி. அதைக் கவனிக்கத் தவறினால் நான்கு இழைகளும் பழையபடி வரிசையில் நிற்கும். டாஸ்க் மேனேஜரும் 13 சதவீதத்தையே காட்டும். நீண்ட வேலையை இரவில் ஓடவிட்டுப் படுக்கப் போகும் முன், அப்போது பூட்டு போட்டிருக்கிறதா என்று பைதானிடமே கேட்க 3.13 முதல் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. எல்லா நூலகங்களையும் இழுத்த பிறகு அதைக் கேட்க வேண்டும். முன்னால் கேட்டால் பூட்டு இல்லை என்றுதான் பதில் வரும்.